ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஏன் டிரா ஆனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் உங்கள் மகள் வெள்ளைக் காய்களுடன் ஆடியிருக்கிறாள். கடைசியில் அவளிடம் ஒரு யானையும் ஒரு சிப்பாயும், எதிரே ஆடிய பையனிடம் ஒரு யானை மட்டும். அவன் டிரா கேட்டான், அவள் மறுத்துவிட்டாள். பிறகு யானைகள் வெட்டுப்பட்டன. அவனிடம் வெறும் ராஜா, அவளிடம் ராஜாவும் சிப்பாயும். அப்படியும் ஆட்டம் டிராவில் முடிந்தது. தவறு எங்கே நடந்தது, ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) பலவீனமா, டிராவை மறுத்தது சரியா, இனி எதைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நகர்த்தல்களை அவள் எழுதிவைத்த ஸ்கோர் ஷீட்டையும் அனுப்பியிருக்கிறீர்கள். அது தெளிவாக எழுதப்பட்டிருந்ததால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது. அவளுக்கு முதல் பாராட்டு அதற்கே.

ஓப்பனிங்கில் எந்தக் குறையும் இல்லை. யானைகளை மாற்றிக்கொண்ட 49-வது நகர்த்தலில்தான் எல்லாம் கெட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது பாதி உண்மை. வெற்றி நழுவத் தொடங்கிய இடம் அதற்கு இரண்டு நகர்த்தல்கள் முன்னால், 47-வதில் இருக்கிறது. சிப்பாயை இ2-இலிருந்து இ3-க்கு ஒரு கட்டம் தள்ளினாளே, அந்த இடம். (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசையையும், எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசையையும் குறிக்கும்.) பார்ப்பதற்கு யாருக்கும் தீங்கில்லாத நகர்த்தல். சிறுவர் ஆட்டங்களில் நான் அதிகம் அஞ்சுவது இந்த வகை நகர்த்தலைத்தான்.

முதல் 46 நகர்த்தல்களை விரைவாகக் கடந்துவிடலாம். இத்தாலிய ஓப்பனிங், இரு பக்கமும் நேரத்தில் கோட்டை கட்டியிருக்கிறார்கள். நடு ஆட்டத்தில் குதிரையை வைத்து ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கி ஒரு சிப்பாயை வென்றிருக்கிறாள். அழகான கணக்கு அது. அதன்பின் காய்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, ராஜாக்கள், ஆளுக்கொரு யானை, அவளுடைய கடைசிச் சிப்பாய் தவிர மற்ற எல்லாம் பலகையிலிருந்து போய்விட்டன. இடையில் சிறுசிறு தவறுகள் இரு பக்கமும் உண்டு. அந்த வயதில் அவை இல்லாத ஆட்டமே கிடையாது.

இப்போது பலகையை எடுத்து இந்த நிலையை அடுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா எஃப்3, வெள்ளை யானை இ5, வெள்ளைச் சிப்பாய் இ2. கறுப்பு ராஜா டி7, கறுப்பு யானை ஏ1. வெள்ளை ஆட வேண்டிய 47-வது நகர்த்தல். அவளுடைய யானை இ வரிசையில் நின்று கறுப்பு ராஜாவைச் சிப்பாயின் பாதைக்கு வர விடாமல் தடுக்கிறது, பின்னால் நிற்கும் சிப்பாயையும் காக்கிறது. அருமையான இடம். இந்த இடத்தில் அவள் சிப்பாயை இ3-க்குத் தள்ளினாள். அவன் யானையை ஏ2-க்குக் கொண்டுபோனான். அவள் ராஜாவை எஃப்4-க்கு ஏற்றினாள். அவன் யானையை ஏ4-இல் வைத்து செக் கொடுத்தான். அவள் யானையை இ5-இலிருந்து இ4-க்கு இறக்கி செக்கை மறைத்தாள். அவன் யானையை வெட்டினான், அவள் ராஜாவால் திருப்பி வெட்டினாள். அடுத்து அவன் ராஜாவை இ6-இல் வைத்தான்.

இந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வெள்ளை ராஜா இ4, அதற்கு நேர் பின்னால் சிப்பாய் இ3, எதிரே ஒரு கட்டம் விட்டுக் கறுப்பு ராஜா இ6. ஆட வேண்டியது வெள்ளை. இரண்டு ராஜாக்களும் ஒரு கட்டம் இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கும்போது, யார் நகர வேண்டுமோ அவர்தான் வழிவிட வேண்டும். இதைத்தான் பயிற்சியாளர்கள் ஆப்போசிஷன் என்கிறார்கள். இங்கே வழிவிட வேண்டியவள் உங்கள் மகள். அவள் ராஜா எஃப்4-க்குப் போனால் அவன் எஃப்6-க்கு வருவான், டி4-க்குப் போனால் டி6-க்கு வருவான். ராஜாவால் முன்னேற முடியாது. சிப்பாயை நகர்த்தி நேரம் கடத்தலாம் என்றால், சிப்பாய்க்கு முன்னால் அவளுடைய ராஜாவே நிற்கிறது. அந்த நிமிடமே ஆட்டம் டிரா. உலக சாம்பியனே அவள் இடத்தில் உட்கார்ந்தாலும், எதிரே இருப்பவர் சரியாக ஆடினால் டிராதான்.

அந்தப் பையன் சரியாக ஆடினான். 50-வதில் ராஜா இ6, 51-வதில் ராஜா எஃப்6, 54-வதில் ராஜா எஃப்7, 56-வதில் ராஜா இ8. இந்த நான்கு இடங்களிலும் அவனைக் காப்பாற்ற ஒரே ஒரு நகர்த்தல்தான் இருந்தது. வேறு எந்தக் கட்டத்துக்குப் போயிருந்தாலும் தோல்வி. நான்கையும் அவன் கண்டுபிடித்திருக்கிறான். குறிப்பாக 56-வதைக் கவனியுங்கள். வெள்ளைச் சிப்பாய் இ6-இல், வெள்ளை ராஜா இ5-இல், கறுப்பு ராஜா இ7-இல். பின்வாங்க மூன்று கட்டங்கள் இருக்கின்றன: டி8, இ8, எஃப்8. நேராகப் பின்னால் போகும் இ8 மட்டுமே பிழைக்க வைக்கும், மற்ற இரண்டும் தோற்கும். அதன்பின் வெள்ளை ராஜா டி6, கறுப்பு ராஜா டி8, சிப்பாய் இ7 செக், கறுப்பு ராஜா இ8, வெள்ளை ராஜா இ6. கறுப்புக்குச் செக் இல்லை, நகரவும் இடமில்லை. ஸ்டேல்மேட். சிப்பாய் இருந்தும் எப்படி டிரா என்று நீங்கள் வியந்தது இந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். கடைசி நகர்த்தலில் ராஜாவை இ6-இல் வைக்காமல் வேறு எங்கே வைத்தாலும் சிப்பாயை அவன் வெட்டிவிடுவான். ஆகவே அங்கே அவள் எதையும் தவறவிடவில்லை.

இனி 47-வதற்குத் திரும்புவோம். சிப்பாயைத் தொடாமல் நேராக ராஜாவை எஃப்4-க்கு ஏற்றியிருந்தால்? அதே செக், அதே பதில், அதே வெட்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஏ4-இல் செக் கொடுக்கிறான், அவள் யானையை இ4-இல் வைக்கிறாள், யானைகள் போகின்றன, வெள்ளை ராஜா இ4-இல், கறுப்பு ராஜா இ6-இல். எல்லாம் அப்படியே இருக்கிறது, சிப்பாய் மட்டும் இ2-இல் நிற்கிறது. இப்போது அவள் சிப்பாயை இ3-க்குத் தள்ளுகிறாள். வழிவிட வேண்டியவன் இப்போது அவன்! அவன் ராஜா டி6-க்கு விலகினால் அவள் ராஜா எஃப்5-க்கு ஏறும், எஃப்6-க்கு விலகினால் டி5-க்கு ஏறும். அங்கிருந்து படிப்படியாக ஆறாவது வரிசையைப் பிடிக்கலாம். ராஜா முன்னால் போய் வழி திறக்க, சிப்பாய் பின்னால் நடந்துவந்து ராணியாகும். இதை எந்தத் தற்காப்பாலும் தடுக்க முடியாது.

ஆக, இ3 என்ற அந்த நகர்த்தல் ஆட்டத்தில் எப்படியும் தேவைப்பட்டதுதான். தேவைப்பட்ட நேரத்துக்கு முன்பே அதைச் செலவழித்துவிட்டாள். சிப்பாய் பின்னால் வர முடியாத ஒரே காய். யானையைத் தவறான இடத்தில் வைத்தால் அடுத்த முறை எடுத்துவிடலாம், ராஜாவையும் திருப்பிக்கொள்ளலாம். சிப்பாயைத் தள்ளினால் தள்ளியதுதான். என்ன செய்வதென்று தெரியாதபோது குழந்தைகளின் கை முதலில் போவது சிப்பாயிடம்தான். ‘ஒன்றும் கெட்டுப்போகாது, ஒரு கட்டம் முன்னேறியும் விட்டது’ என்ற எண்ணம். ஒற்றைச் சிப்பாய் மட்டும் மிஞ்சியிருக்கும் நிலையில், அது தொடக்கக் கட்டத்திலேயே நிற்பது பெரும்பாலும் ஒரு சேமிப்பு.

சரி, இ3 ஆடியாகிவிட்டது. 49-வதில் செக் வந்திருக்கிறது. அப்போதாவது தப்பித்திருக்க முடியுமா? யானையை இ4-இல் வைக்காமல் இருந்திருக்கலாம். ராஜாவை எஃப்5-க்கு ஏற்றலாம், அல்லது சிப்பாயையே இ4-க்குத் தள்ளி செக்கை மறைக்கலாம், அதற்கு யானையும் ராஜாவும் காவல். அங்கிருந்து வெற்றி தானாக வந்து சேரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். யானைகள் மிஞ்சும் எண்ட்கேம், அதாவது கடைசிக் கட்ட ஆட்டம், கடினமானது, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் டிராவாகும் நிலைகள் அதில் ஏராளம். ஆனால் அவளுக்கு ஆபத்து குறைவு, அவனுக்கோ ஒவ்வொரு நகர்த்தலிலும் தவறு செய்ய வழி இருந்திருக்கும். யானைகளை மாற்றியதன் மூலம் அந்தச் சிக்கலையெல்லாம் அவனுக்கு அவளே தீர்த்துக் கொடுத்துவிட்டாள். ஐந்து காய்கள் மட்டுமே இருக்கும் நிலை என்பதால் முழுத் துல்லியமான விடை வேண்டுமென்றால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையுள்ள நிலைகள் அனைத்தும் கணினியால் முழுமையாகத் தீர்க்கப்பட்டு, தரவுத்தளமாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

அவள் ஏன் மாற்றினாள் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ‘காய் கூடுதலாக இருந்தால் மாற்றிக்கொண்டே போ’ என்று எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறோம். நல்ல விதிதான். ஒரு குதிரையோ மந்திரியோ கூடுதலாக இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாம். கூடுதலாக இருப்பது ஒரே ஒரு சிப்பாய், பலகையில் வேறு சிப்பாயே இல்லை என்னும்போது அந்த விதி செல்லாது. அங்கே மாற்றுவதற்கு முன் எண்ணிப் பார்த்தாக வேண்டும்: கடைசி வெட்டுக்குப் பிறகு ராஜாக்கள் எங்கெங்கே நிற்கும், யார் ஆட வேண்டும், என்னிடம் ஒரு உதிரி நகர்த்தல் (ராஜாவை அசைக்காமல் முறையை எதிராளியிடம் தள்ளும் நகர்த்தல்) மிச்சம் இருக்கிறதா? மூன்றே கேள்விகள். அவளால் எண்ண முடியாத கணக்கு அல்ல இது. நடு ஆட்டத்தில் அந்தச் சிப்பாயை வெல்ல அவள் போட்ட கணக்கு இதைவிட நீளமானது. ‘இங்கே எண்ண வேண்டும்’ என்பது அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

தோன்றவில்லை என்பதற்குச் சான்று ஸ்கோர் ஷீட்டிலேயே இருக்கிறது. இரண்டு பேருடைய மீதி நேரத்தையும் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் குறித்து வைத்திருக்கிறாள். நல்ல பழக்கம், விதிகளும் அதை அனுமதிக்கின்றன. அவளுடைய பக்கத்தில் 47, 48, 49 மூன்றுக்கும் எதிரே 52, 52, 52 என்று இருக்கிறது. தொண்ணூறு நிமிடமும், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி கூடுதலும் கிடைக்கும் ஆட்டம் இது. எண் மாறாமல் அப்படியே நிற்கிறதென்றால் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் ஆடியிருக்கிறாள். ஐம்பத்திரண்டு நிமிடம் கையில் இருக்கும்போது!

அவனுடைய பக்கத்தைப் பாருங்கள். 47-வதுக்குப் பிறகு 19, 48-வதுக்குப் பிறகு 12. ஏ4-இல் அந்தச் செக்கைக் கொடுப்பதற்கு முன் ஏழு நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். மீதமிருந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த ஒரே நகர்த்தலுக்கு. யானைகள் போனால் ராஜா இ6-க்கு வந்து நிற்கும், சிப்பாய் இ3-க்கு வந்துவிட்டதால் வெள்ளைக்கு உதிரி நகர்த்தல் இல்லை என்பதை அவன் அங்கேயே கண்டுவிட்டான் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு அவனுடைய நேரம் பெரிதாகக் குறையவே இல்லை. தோற்றுக்கொண்டிருந்த ஒரு சிறுவன், டிராவும் மறுக்கப்பட்ட பிறகு, கலங்காமல் உட்கார்ந்து அந்த ஒரு வழியைத் தேடி எடுத்திருக்கிறான். இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ‘வெல்ல வேண்டிய ஆட்டத்தை விட்டுவிட்டேன்’ என்ற எண்ணத்தோடு ‘அவன் நன்றாகக் காப்பாற்றிக்கொண்டான்’ என்பதும் சேர்ந்தால்தான் அவளுக்கு ஆட்டத்தின் முழு உருவம் கிடைக்கும்.

டிராவை மறுத்தது முழுக்கச் சரி. சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவள் அவள், நேரம் அதிகம் வைத்திருப்பவளும் அவளே. அந்த நிலையில் ஏற்றிருந்தால்தான் வருந்தியிருப்பேன். முடிவு ஒன்றாகவே இருந்தாலும், அந்தப் பதின்மூன்று நகர்த்தல்களில் அவள் கற்றுக்கொண்டது கைகுலுக்கியிருந்தால் கிடைத்திருக்காது. விதி பற்றி ஒரு சிறு தகவல்: டிரா கேட்பவர் முதலில் தன் காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். கேட்டதை இருவரும் ஸ்கோர் ஷீட்டில் சமக்குறியிட்டுக் குறிக்க வேண்டும். அவள் அதையும் சரியாகக் குறித்திருக்கிறாள். யானைகள் போன பிறகு அவளுக்குத் தோல்வி என்பதே சாத்தியமில்லை. நேரம் தீர்ந்தாலும், வெறும் ராஜாவால் யாரையும் மேட் செய்ய முடியாது என்பதால் அது டிராதான். அவன் நேரம் தீர்ந்திருந்தால் அவனுக்குத் தோல்வி. ஆகவே கடைசி வரை ஆடிப் பார்த்ததும் நியாயமே.

இப்படி ஓர் இடத்தில் சறுக்குவது குழந்தைகளுக்கு மட்டும் நேர்வது என்று எண்ணிவிடாதீர்கள். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது, அதாவது கடைசி ஆட்டத்தில், நடப்பு சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்து மாற்றத்துக்கு அழைத்தார். ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிராவாக வேண்டிய நிலை அது. குகேஷ் யானையை வெட்டினார், அடுத்த நகர்த்தலில் தன் மந்திரியை டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரி பலகையின் மூலையில் சிக்கியிருந்ததால் அந்த மாற்றத்தையும் தவிர்க்க முடியவில்லை. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், குகேஷிடம் ஒன்று கூடுதல். 58-வது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. 7.5-க்கு 6.5 என்ற கணக்கில் பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அங்கே காய் மாற்றம் தற்காப்பவரைக் கவிழ்த்தது, உங்கள் மகளின் ஆட்டத்தில் அதுவே தற்காப்பவனைக் காப்பாற்றியது. கடைசி யானையும் கடைசி மந்திரியும் போகும் நிமிடம்தான் சதுரங்கத்தில் மிக நுட்பமான நிமிடம். அதற்குப் பிறகு நிலை வெற்றி, தோல்வி, டிரா என்ற மூன்றில் ஒன்றாக உறைந்துவிடும்.

ஓப்பனிங்கிற்குத் தனி வகுப்பு சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பேன். பத்து நகர்த்தல்கள் வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை, அந்த வயதுப் பிரிவில் ஆட்டங்கள் ஓப்பனிங்கில் தீர்வதும் அரிது. அதே நேரத்தை எண்ட்கேமுக்குக் கொடுங்கள். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கபபிளாங்கா, சதுரங்கம் கற்பவர் முதலில் எண்ட்கேமைப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்த அறிவுரையில் மாற்ற எதுவும் இல்லை. குழந்தைகளுக்கு எண்ட்கேம் சலிக்கும் என்று பயிற்சியாளர்களே சொல்கிறார்கள். பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்தால் சலிக்கத்தான் செய்யும். போட்டியாக ஆட வைத்தால் சலிப்பதே இல்லை.

நான் செய்யும் விதம் இது. இப்போது பார்த்த அதே நிலையை அடுக்குவேன்: வெள்ளை ராஜா இ4, சிப்பாய் இ3, கறுப்பு ராஜா இ6, ஆட்டம் வெள்ளைக்கு. ‘வெற்றியா, டிராவா?’ காயைத் தொடாமல் விடை சொல்ல வேண்டும். பிறகு சிப்பாயை இ2-க்கு இறக்கிவிட்டு அதே கேள்வி. பிறகு ஆட்டம் கறுப்புக்கு என்று மாற்றிக் கேட்பேன். பிறகு மூன்று காய்களையும் ஒவ்வொரு வரிசையாக மேலே தூக்கி வைப்பேன். வெள்ளை ராஜா ஆறாவது வரிசையில் சிப்பாய்க்கு முன்னால் நின்றுவிட்டால் யார் ஆட வேண்டும் என்பதே முக்கியமில்லை, எப்படியும் வெற்றி என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எல்லாவற்றையும் பலகையின் ஓரத்துக்கு, ஏ வரிசைக்கோ எச் வரிசைக்கோ நகர்த்திவிட்டால், தற்காப்பவர் மூலைக்கு வந்து சேர்ந்தவுடன் கணக்கு தலைகீழாகி டிராவாகிவிடும் என்பதையும் கண்டுபிடிப்பார்கள். விடை சொன்னவர் அதை என்னை எதிர்த்து ஆடி நிரூபிக்க வேண்டும். பக்கம் மாறி மீண்டும் ஒரு முறை. அரை மணி நேரத்தில் ஒரு குழந்தை இதிலிருந்து எடுத்துக்கொள்வது வாழ்நாள் முழுக்கக் கூட வரும். இது கைவந்த பிறகு யானை எண்ட்கேமில் லுசேனா நிலை, ஃபிலிடோர் நிலை என்ற இரண்டையும் இதே முறையில் பழக்குங்கள். முதலாவது, கூடுதல் சிப்பாய் வைத்திருப்பவர் எப்படி வெல்வது என்பது. இரண்டாவது, இல்லாதவர் எப்படித் தப்பிப்பது என்பது.

நேரத்தைப் பொறுத்தவரை அவளோடு ஒரே ஒரு உடன்பாடு செய்துகொள்ளுங்கள். கடைசிப் பெரிய காய் மாறப்போகிறது என்று தெரிந்தால், கைகள் இரண்டும் மடியில் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டும். ‘எல்லா நகர்த்தலுக்கும் நிதானமாக ஆடு’ என்று சொன்னால் எந்தக் குழந்தையும் கேட்காது. அப்படி ஆடுவதும் தவறு. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் நின்றுவிடுவார்கள். இணையத்தில் மூன்று நிமிட ஆட்டங்கள் அதிகம் ஆடுகிறாளா என்று பாருங்கள். தடை செய்யத் தேவையில்லை. போட்டிக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் நீண்ட ஆட்டங்களை ஆடச் சொல்லுங்கள், கை பழகிய வேகம் கொஞ்சம் தணியும்.

ஆட்டம் முடிந்த உடனே என்ஜினில் (சதுரங்கம் ஆடும் கணினி நிரலில்) போட்டுப் பார்த்ததாகவும் அவள் அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். என்ஜினை அடுத்த நாளைக்குத் தள்ளி வையுங்கள். அது எண்ணைத்தான் காட்டும், காரணத்தைச் சொல்லாது. முதலில் அவளே பலகையில் ஆட்டத்தை அடுக்கி, எங்கே என்ன நினைத்தாள் என்று சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். முடிந்தால் எதிரே ஆடிய பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு நிமிடத்தில் என்ன யோசித்தாய் என்று அவனிடம் கேட்டிருந்தால், நான் இத்தனை பத்திகளில் எழுதியதை அவனே பலகையில் காட்டியிருப்பான். ரேட்டிங் பற்றிய கவலையும் வேண்டாம். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் பதினெட்டு வயதுக்குட்பட்ட, 2300-க்குக் கீழே ரேட்டிங் உள்ள பிள்ளைகளுக்கு ஏற்ற இறக்கம் பெரியவர்களைவிட வேகமாக இருக்கும். சமமான ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி கூடும், தோற்றால் 20 குறையும், டிரா என்றால் மாற்றமே இல்லை. கடைசிச் சுற்றின் அரைப் புள்ளி அவளுடைய இடத்தைச் சற்றுக் கீழே இறக்கியிருக்கலாம். அடுத்த போட்டியில் ஒரே நாளில் அதைத் திருப்பி எடுக்கும் வயது இது.

இன்றைக்கே அவளிடம் கொடுக்க ஒரு நிலை: வெள்ளை ராஜா இ1, வெள்ளைச் சிப்பாய் இ2, கறுப்பு ராஜா இ8, வேறு காய் எதுவும் இல்லை. வெள்ளை ஆட வேண்டியிருந்தால் என்ன முடிவு, கறுப்பு ஆட வேண்டியிருந்தால் என்ன முடிவு? விடையை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளை முதலில் ஆடினால் வெற்றி, சிப்பாயை அங்கேயே விட்டுவிட்டு ராஜா டி2, இ3, இ4 என்று நடந்துபோக வேண்டும். கறுப்பு முதலில் ஆடினால் ராஜாவை இ7-க்குக் கொண்டுவந்து டிரா. முதல் நகர்த்தலிலேயே சிப்பாயைத் தள்ளினாளானால் ஒன்றும் சொல்லாதீர்கள். கறுப்பு ராஜாவை நீங்கள் எடுத்துக்கொண்டு அவளோடு ஆடுங்கள்.